எண்ணூத்தி இருபத்தி நாலு எப்படி நானூத்தி பன்னெண்டு ஆச்சு?

கர்ர்ர்க்... கர்ர்ர்க்...னு ஒரு சத்தம். கூடவே கோழித் தீவன வாசனை.

என் முதல் வேலைய நினைச்சா இது ரெண்டும்தான் முன்னால வந்து நிக்கும். நாமக்கல்ல, மாடியில ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸ். சத்தம், பில் அடிக்கிற பிரிண்டரோடது. வாசனை, பண்ணைக்காரங்க சட்டையில வர்றது. ஏசி ரூம்ல புகுந்துட்டா சாயங்காலம் வரைக்கும் போகாது.

வேலை வாங்கிக் குடுத்தது குமரேசன் அண்ணன். எங்க பரமத்தி வேலூர்க்காரர், அங்க சீனியர். ரெண்டு பேரும் ஒரே பஸ். எனக்கு சீட்டுல கர்ச்சீப் போட்டு வெச்சிருப்பார். "சீக்கிரம் ஏறு அம்மணி"ன்னு ஜன்னல்ல இருந்தே சத்தம் குடுப்பார்.

எனக்கோ பொறவியிலயே சந்தேக புத்தி. பூட்டின பூட்டை நாலு தடவ இழுத்துப் பாக்கற ஆளு. தராசு முள்ளைப் பாக்காம தக்காளி கூட வாங்க மாட்டேன்.

ஒருநாள் பழனிசாமி ஐயா வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கறவர்.

"சாமி, நூறு ஷேரு எண்ணூத்தி இருபத்தி நாலுக்கு வாங்குனனுங்க. இப்ப டிவில நானூத்தம்பதுங்கறான். என்னைக்கு உழுந்துச்சுன்னு பாத்துச் சொல்லு."

கம்ப்யூட்டர்ல அந்தக் கம்பெனியோட பழைய விலையெல்லாம் எடுத்தேன். எந்தெந்த நாள் என்ன விலைக்கு முடிஞ்சுதுன்னு வருஷக்கணக்கா வரிசையா இருக்கும்.

தேடித் தேடிப் பாக்கறேன்... விழவே இல்ல. அதைவிட, அவர் வாங்கின தேதிக்கு நேரா 412னு இருக்கு! அந்த ஷேர் என்னைக்குமே ஐநூறைத் தாண்டினதே இல்ல.

ஆனா அவர் கையில எங்க ஆபீஸ் பில். 824. கீழ குமரேசன் அண்ணன் கையெழுத்து.

இன்னொரு வெப்சைட்லயும் பாத்தேன். அங்கயும் 412தான்.

பழனிசாமி ஐயா ஸ்கிரீனையே முறைச்சுப் பாத்தார். "முட்டைலதான் பேப்பர் ரேட்டு ஒண்ணு, வண்டி ஏறறப்ப மைனஸ் ரேட்டு ஒண்ணு. இங்கயும் அப்பிடித்தானாட்ட இருக்குதுங்க..."

எங்க ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும். முட்டைக்கு அறிவிக்கற விலை ஒண்ணு, யாவாரி அதுல கொறச்சு எடுக்கறது ஒண்ணு. எனக்கு சுருக்குன்னுச்சு. அப்போ... வாங்கினது 412க்கு, பில் போட்டது 824க்கா? மிச்சம் யார் பாக்கெட்டுக்குப் போச்சு?

அண்ணன் அன்னைக்கு வெளி வேலையா போயிருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கல. கேட்டா உஷாராயிடுவார்னு நினைச்சேன். என்ன புத்தியோ!

நேரா முதலாளிகிட்ட போனேன். அவர் போர்வெல் வண்டி ஓட்டி சம்பாதிச்ச காசுல ஆபீஸ் போட்டவர். ஷேர் பத்தி என்னைவிடக் கம்மியாத்தான் தெரியும். பில்லையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்திப் பாத்தார். மூஞ்சி செவந்து போச்சு. "குமரேசு, நாஞ் சொல்ற வரைக்கும் ஆபீசுப் பக்கம் வராத"ன்னு போன்ல சொல்லிட்டு வெச்சுட்டார். காரணம் சொல்லல.

மறுநாள் பஸ்ல கர்ச்சீப் இல்ல.

மூணாம் நாள் கண்டக்டரே கேட்டார். "ஏனுங்க, குமரேசன் ஆபீசுப் பணத்துல கைய வெச்சுட்டானாமா?" எப்படித்தான் பரவுச்சோ. அப்ப அண்ணனுக்குப் பொண்ணு பாத்துட்டு வேற இருந்தாங்க... ஆனாலும் 412னு கண்ணால பாத்தேனே!

நாலாம் நாள், இருக்கற காகிதமெல்லாம் கொண்டு வாங்கன்னு முதலாளி சொன்னதுக்கு, பழனிசாமி ஐயா தபால்ல வந்த கவரையெல்லாம் ஒரு தீவனப் பை நிறைய கொண்டு வந்து கொட்டினார். ஒண்ணு கூடப் பிரிக்கல.

"ஏனுங்க பிரிக்கல?"ன்னு கேட்டேன்.

"பிரிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. காட்டு வரப்புத் தகராறுல எங்கண்ணன் நோட்டீச வாங்கிப் பிரிச்சுத்தான் கோர்ட்டுக்கு அலைஞ்சாரு. அதுலருந்து இங்கிலீசுக் கவரு வந்தா நாங்க தொடறதே இல்லீங்க."

நான் பிரிச்சேன். மூணாவது கவர்ல இருந்துச்சு. கம்பெனி ஒரு ஷேரை ரெண்டாப் பிரிச்சிருக்கு... ஸ்ப்ளிட். அவர் 824க்கு வாங்கின ஒண்ணு, இப்ப 412 வீதம் ரெண்டு. அதுக்குத் தக்கன வெப்சைட்ல பழைய விலையெல்லாத்தையும் பாதியாக்கிப் போட்டிருக்காங்க. இல்லைன்னா ஒரே நாள்ல பாதி விழுந்த மாதிரி தெரியுமே. அவர் பேர்ல இருந்தது நூறு இல்ல, இருநூறு. நஷ்டமே இல்லீங்க, லாபம்!

மறுபடி அந்தப் பழைய விலைப் பக்கத்தைத் திறந்து பாத்தேன். மேல பொடி எழுத்துல ஒரு வரி. ஸ்ப்ளிட்டுக்குத் தக்கன விலை மாத்தியிருக்குன்னு. நாலு நாளா அங்கயேதான் இருந்திருக்கு. அவர் பேர்ல எத்தனை ஷேர் இருக்குன்னாவது பாத்திருக்கலாம். விலையையே பாத்துட்டு இருந்தேன். கவரைப் பிரிக்காத மனுஷனைப் பாத்து சிரிக்கறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

மறுநாள் அண்ணன் வந்தார். முதலாளி மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். "பரவால்லீங்க"ன்னார்.

அப்புறம் அவரோட மானிட்டரை என் பக்கமா திருப்பி வெச்சார். "நான் என்ன அடிக்கறேன்னு நீங்களும் பாத்துக்கங்க மேடம்."

மேடமாம்... அதோட அவர் முந்தின பஸ்ஸுக்கு மாறிட்டார். நான் ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன்.

இப்ப எல்லாம் போன்லயே இருக்கு. பல வருஷத்து விலை ஒரே கோடா வருது. ஸ்ப்ளிட் ஆன தேதில ஒரு குட்டி அடையாளம், தொட்டா விவரம் சொல்லுது. அப்படியும் நான் ரெண்டு ஆப்ல பாத்து, கம்பெனி அறிவிப்பையும் தேடிப் படிச்சுட்டுத்தான் நம்புவேன். புத்தி மாறல. ஆள் மேல சந்தேகம் வந்தா மட்டும் முதல்ல அந்த ஆளையே கேட்டுடறேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துல குமரேசன் அண்ணனைப் பாத்தேன். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. என் பொண்ணைக் காட்டினேன். அவ தலையைத் தடவி, "நல்லாப் படிக்கறயா அம்மணி?"ன்னார்.

என் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டீங்களா மேடம்?"