சோக்கில் தொங்கிய பை

ராமநாதபுரத்தில் குளிர் என்றால் யாராவது நம்புவார்களா? போன மார்கழியில் எங்கள் புதுக் கார் நம்பியது. ஆருத்ரா தரிசனத்துக்குக் கிளம்பி, இருட்டோடு ஸ்டார்ட் செய்தால்... டிக், டிக். பேட்டரி காலி.

என் மனைவி சாந்தியின் முகம் வாடிவிட்டது. உத்தரகோசமங்கை மரகத நடராஜரைச் சந்தனம் களைந்த கோலத்தில் பார்க்க வருடத்தில் இந்த ஒரு சமயம்தான். முந்தின நாள் களைந்ததுமே போக அவளுக்கு லீவு இல்லை. விடிந்து புதுச் சந்தனம் சாத்திவிட்டால் அடுத்த வருடம்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சிக்கந்தர் பாய் எட்டிப் பார்த்தார். துபாய்ச் சம்பாத்தியத்தில் அவர் வாங்கிய ஒரே ஆடம்பரம், ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர்.

"ஏறுங்க தங்கச்சி. விடிகாலை சுபுஹை நான் அங்கன தொழுதுக்கிறேன்."

குளிரில் பெட்ரோலைக் கூடுதலாக விடும் சோக்கை இழுத்து, பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் செய்தார். வண்டி இருமியது; பாய் உடனே நகர்த்தவில்லை.

"ரெண்டு மிதி மிதிச்சா சூடாயிடாதா பாய்?" என்றேன்.

"ஆயிலு இன்னும் கீழதான் கெடக்கு. உங்களைத் தூக்கத்துல எழுப்பி ஓடச் சொன்னா ஓடுவீகளா?"

சத்தம் சீரானதும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளினார். "நிக்க வச்சே சூடாக்கக் கூடாது. மெல்ல ஓட்டித்தான் சூடாக்கணும்."

மெல்லப் போனோம். சாந்தி பின்னாலிருந்து தேங்காய்ப் பையை நீட்டினாள். முன்னால் வாகாக ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. மாட்டினேன்.

கொஞ்ச தூரத்தில் வண்டி திணறியது. கரும்புகை. அப்புறம் நின்றே போனது.

பாய் இறங்கவில்லை. குமிழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதுதான் சோக்; தேங்காய் கனத்தில் முழுக்க வெளியே வந்திருந்தது.

"பெட்ரோலை ரொம்பக் குடிச்சிருச்சு. கொஞ்சம் பொறுக்கணும்."

கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. சாந்தி கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாய் மட்டும் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். என்ன மனுஷன்! பிறகு பையை என் மடியில் வைத்து, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து ஸ்டார்ட் செய்தார். கிளம்பியது.

பார்த்துவிட்டோம். பச்சை மேனியைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டேதான் சாந்தி வெளியே வந்தாள். பாய் தொழுகை முடித்து, காரில் சாய்ந்து நின்றார்.

"என்ன வேண்டுனீக தங்கச்சி?"

"உங்க காரு நல்லா ஓடணும்னு வேண்டினேண்ணே."

பாய் சிரித்தார். "நானும் அதுக்குத்தான் துஆ கேட்டேன்."

இரண்டு பக்கமும் சிபாரிசு போன வண்டிக்கு இன்சூரன்ஸ் எதற்கு?