வெட்டச் சொல்லி மன்றாடிய கட்டி

சோறு இறங்காமல் போன நாளிலிருந்துதான் நான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டும். போன வருடம், கிறிஸ்மஸ் கழிந்த கையோடு, தொண்டையில் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. விழுங்கினால் இறங்காது, காறினால் வெளியே வராது.

என் பெயர் ரெஜினா. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே இருக்கிறேன். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க் வேலை. நாள் முழுக்க வழக்குக்காரரோடு வாயடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த வாயில் குரல் மெல்ல மெல்லத் தடித்து, களியை அடக்கி வைத்துக்கொண்டு கதைப்பது போல ஆகிவிட்டது. டெலிபோனில் என்னை யாரோ என்று நினைத்து வைத்துவிட்டவர்களும் உண்டு.

பெப்ரவரி தொடக்கத்தில் கோயிலில் இரண்டு மெழுகுதிரியைக் குறுக்கே பிடித்துத் தொண்டையை ஆசீர்வதிப்பார்கள் அல்லவா? அன்று முதல் ஆளாய்ப் போய் நின்றேன். ஆசீர்வாதம் வாங்கிய தொண்டையை டொக்டரிடம் காட்டினால் விசுவாசக் குறைவு என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் சும்மா இருந்தேன். சுத்த மடத்தனம். அதை ஒளிக்க மாட்டேன்.

ஒரு நாள் காலையில் வாய் கொப்புளித்தபோது பேசினில் இரத்தம் கிடந்தது. என் கணவர் முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்த பெரிய டொக்டர், நாக்கின் அடிவேரில் நெல்லிக்காய் அளவில் ஒரு சிவந்த கட்டி இருக்கிறது, வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. மகள் ஓ.எல். சோதனை எடுக்கிற வருடம். நாக்கை அறுத்துவிட்டால் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட முடியாதே என்று பஸ் முழுக்கச் சனம் பார்க்க அழுதுகொண்டு வந்தேன்.

அழுது முடிந்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த செவ்வாயே அந்தோனியார் கோயிலுக்குப் போய், ஒன்பது செவ்வாயும் விடாமல் வந்து செபிக்கிற நவநாளை நேர்ந்தேன். மன்றாட்டு ஒன்றே ஒன்றுதான். இந்தச் சனியனை ஆண்டவர் வேரோடு வெட்டி எறிய வைக்க வேண்டும். மிச்சம் மீதி இருக்கக் கூடாது.

ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. எட்டாவது செவ்வாய்க்கு முதல் நாள்! நவநாளை இடையில் விட்டால் மறுபடி முதலாம் செவ்வாயிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் வளர்ந்தவர்கள். நான் டொக்டரிடம் நாளை மாற்றிக் கேட்கப் போகிறேன் என்றேன். இருபது வருடத்தில் என் கணவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உமக்கென்ன விசரோ? தொண்டையில கட்டிய வச்சுக்கொண்டு செவ்வாய்க்கிழமை எண்ணிக்கொண்டு இருக்கிறீர்."

"நேர்ந்தால் முடிக்க வேணும். பாதியில விட்டுட்டு மேசையில ஏறிப் படுக்க மாட்டன்."

பெரிய டொக்டர் சிங்களத்தில் நல்லாய் ஏசினார். மூச்சு முட்டினாலோ இரத்தம் வந்தாலோ அந்த நிமிடமே வர வேண்டும் என்று எச்சரித்து, மூன்று கிழமை தள்ளி வேறு நாள் எழுதினார். நான் வீராப்பாய்த்தான் வெளியே வந்தேன். உள்ளே பயம் பிடுங்கித் தின்றது. என் பிடிவாதத்தால் அது பரவிவிட்டால் மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? எட்டாவது செவ்வாயும் ஒன்பதாவது செவ்வாயும் முழங்காலில் நின்று, ஆண்டவரே, நான் பிழை விட்டிருந்தால் என் பிள்ளையைத் தண்டியாதேயும் என்றுதான் கெஞ்சினேன்.

நாள் மாறியதால் இரத்தப் பரிசோதனைகளைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. நவநாள் முடிந்த மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். அன்று இருந்தவர் புதிதாக வந்த ஒரு யாழ்ப்பாணத்து இளம் டொக்டர் பிள்ளை. பழைய படிவத்தை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கேட்டார். வைகாசி வெயிலில் நான் சால்வை போர்த்துக்கொண்டு இருந்ததைக் கண்டு, எப்போதும் குளிருமா என்றார். ஃபேன் போட்டால் வீட்டில் சண்டைதான் என்று கணவர் முறைப்பாடு வைத்தார். களைப்பு, முடி உதிர்வு, சும்மா ஊதிக்கொண்டு போகிற உடம்பு. நாற்பது தாண்டினால் இப்படித்தான் என்று நான் விட்டுவிட்ட எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டு என் கழுத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

கழுத்துக்கு ஒரு ஸ்கான் எடுத்தார்கள். தைரொயிட் சுரப்பி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஊசி போட்டு இன்னொரு ஸ்கான் எடுத்தார்கள். அதில் நாக்கின் அடி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"அக்கா, இது புதுசா வந்த கட்டி இல்ல. உங்கட தைரொயிட்டே இதுதான். அம்மாட வயித்துக்குள்ள இருக்கேக்க கழுத்துக்கு இறங்க வேண்டியது, இறங்காமல் அங்கேயே நிண்டுட்டுது. உங்களுக்கு இருக்கிறது இது ஒண்டுதான்."

வெட்டியிருந்தால் என்று கேட்டேன். உடம்பில் கொஞ்சநஞ்சம் சுரந்துகொண்டிருந்ததும் நின்றிருக்கும், ஏன் என்று கண்டுபிடிக்கும் முன்னரே படுத்த படுக்கையாகியிருப்பீர்கள் என்றார். என் கணவர் கதிரையில் இருந்தபடியே அழுதார். பெரிய டொக்டரும் படங்களைப் பார்த்துவிட்டு ஒப்பரேஷனை நிறுத்தினார். இப்போதைக்கு வெட்டுத் தேவையில்லை, மருந்து போதும் என்றார்.

அன்றிலிருந்து விடிந்ததும் வெறும் வயிற்றில் தைரொயிட் குளிசை. தேத்தண்ணீர்கூட அதற்குப் பிறகுதான். ஒன்றிரண்டு மாதத்தில் குளிர் விட்டது. வருடம் முடியுமுன் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. சோறு இறங்குகிறது, குரல் திரும்பியிருக்கிறது, வழக்குக்காரர் மறுபடி என்னிடம் ஏச்சு வாங்குகிறார்கள். குளிசையும் கிளினிக்கும் ஆயுளுக்கும் இருக்கும். இருக்கட்டும்.

இதைக் கேட்டு யாரும் ஒப்பரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். என் பிடிவாதத்தை ஆண்டவர் இரக்கத்தினால் பாவித்தார், அவ்வளவுதான். ஒன்பது செவ்வாயும் நான் எதை எடுத்து எறியும் என்று மன்றாடினேனோ, அதை வைத்துத்தான் அவர் என்னை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தார். நான் கேட்டதை அவர் தந்திருந்தால் இன்று உங்கள் முன் நிற்க மாட்டேன்.

அதனால் இப்போது நான் ஆண்டவருக்குக் கட்டளை போடுவதில்லை. நோகிற இடத்தைக் காட்டுகிறேன், அவ்வளவுதான். நீங்களும் காட்டுங்கள். அவருக்கும் காட்டுங்கள், டொக்டருக்கும் காட்டுங்கள்.