ஆயில் குடித்த பிரேக்

மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட பழைய லாரி ஒன்றை வைத்து என் கணவர் கல் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்துக் கரட்டுப் பாதைக்கெல்லாம் அதுதான் போகும்.

சென்ற ஆண்டு அதன் பின் ஆக்சிலில் சீல் தேய்ந்து ஆயில் கசிந்தது. இரண்டு பின்சக்கரங்களின் பிரேக்கும் நனைந்துவிட்டது. மதுரை வரை அலைந்தும் அந்த வண்டிக்கான சீல் கிடைக்கவில்லை. மெக்கானிக் வேறொரு லாரியின் சீலைப் போட்டு, சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டினார்.

"அண்ணாச்சி, லைனிங் ஆயில் குடிச்சிருக்கு. புதுசு போடாம லோடு ஏத்தாதீய" என்றார்.

பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது காலி வண்டி நன்றாகவே நின்றது. அதை நம்பி இவர் மறுநாளே கல் ஏற்றிவிட்டார். வாசுதேவநல்லூரில் அம்மா வீட்டிலிருந்த நானும் ஊர் திரும்ப அதில் ஏறிக்கொண்டேன். ஓர் இறக்கத்தில் இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை.

"ஏட்டி, கம்பியப் பிடிச்சுக்கோ!" என்று கத்தியபடி உழுத வயலுக்குள் திருப்பினார். கற்கள் சரிந்தன, ஆக்சில் முறிந்தது. நாங்கள் சிராய்ப்போடு பிழைத்தோம்.

மாற்று ஆக்சில் எங்கும் கிடைக்கவில்லை. லாரி பழைய இரும்புக்குப் போனது. இப்போது இவர் வேறொருவர் லாரியை ஓட்டுகிறார். "பிரேக் பாத்தாச்சா?" என்று கேட்காமல் நான் அவரை அனுப்புவதில்லை.

"நல்லாருக்குன்னு ஓனர் சொல்லுதாரு. நான் என்னட்டி செய்ய?" என்கிறார்.

சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுக்கிறேன்.

— ஒரு வாசகி, சங்கரன்கோவில்