ஒன்பதாம் நம்பர் விளக்கு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன். இல்லாததை எழுத எனக்கு எழுத்தும் அவ்வளவு தெரியாது, பொறுமையும் கிடையாது. இதில் வருகிற நேரமெல்லாம் நான் குத்துமதிப்பாகப் போட்டதல்ல. போலீஸ் காகிதத்தில் இருப்பது. அதன் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது.

எங்கள் கடையில் பேட்டரி சைக்கிள் பழுது பார்ப்போம், வாடகைக்கும் விடுவோம். மூன்று நாள், நான்கு நாள் மலைப்பாதையில் ஓட்டிப் போகிற கூட்டம் வரும். அவர்கள் போகும் வழியை முதலாளி ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடு போட்டு வைப்பார். எங்கே நின்றால் போட்டோ நன்றாக வரும், அது ஒன்றுதான் அவருக்குக் கவலை. அவர் சைக்கிளில் ஏறி நான் பார்த்ததே இல்லை. கூட்டம் கிளம்புவதற்கு முந்தின நாள் மெக்கானிக் ஒருத்தன் அந்தக் கோட்டைப் பிடித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது பாதை பிரிகிற இடத்திலெல்லாம் மரத்தில் ரிப்பன் கட்ட வேண்டும். பிறகு ‘பாதை சரி’ என்ற தாளில் கையெழுத்து. நாளைக்கு எவனாவது விழுந்தால் மாட்டிவிட ஒரு கை வேண்டுமே!

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவனை நெட்டை என்று கூப்பிடுவோம். இடது கைக்காரன். அவன் போடும் முடிச்சு எல்லாம் எதிர்ப்பக்கமாக விழும், அவிழ்க்கும்போது நமக்குக் கை திணறும். எட்டு மாதத்துக்கு முன் ஒன்பதாம் நம்பர் சைக்கிளோடு போனவன் திரும்பவில்லை.

“வண்டியோட கம்பி நீட்டிட்டான். ட்ராக்கரையும் பிடுங்கிப் போட்டுட்டான், களவாணி” என்றார் முதலாளி.

ட்ராக்கர் என்பது வண்டி போகிற இடம், விளக்கு, பேட்டரி எல்லாவற்றையும் முதலாளியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற பெட்டி. நானும் நம்பினேன். நெட்டையின் பெண்டாட்டி மாதம் தவறாமல் கடை வாசலில் வந்து நிற்பாள்.

“அண்ணே, ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“ஓடுறவன் சொல்லிட்டா ஓடுவான்? போயி ஆக வேண்டியதைப் பாரும்மா.”

அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கு நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று காலை முதலாளி தாளை நீட்டினார். மறுநாள் ஆறு பேர் வருகிறார்கள். அதில் ஒரு குடும்பம், பத்து வயதுப் பெண் பிள்ளையோடு.

“எட்டு மாசமா மூடி வெச்ச வழி. உச்சியில நின்னா ஊரே காலடியில தெரியும். போடு கையெழுத்த.”

“பார்த்துட்டு வந்து போடுறேன், முதலாளி.”

“எழுத்துக் கத்துக்கிட்டது தப்பாப் போச்சுடா உனக்கு. நீ போயி பார்த்துத்தான் மலை நிக்குதா? போடு.”

போட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம். அந்தக் கடுப்போடு மூன்றாம் நம்பர் வண்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மதியம் 3:48. மூடுபனி இறங்கியது. வெள்ளை வேட்டியை முகத்தில் போட்டு மூடின மாதிரி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

4:05. பாதை இரண்டாகப் பிரிந்தது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த கருவி நேராகப் போகச் சொன்னது. ஆனால் இடது பக்கத்து மரத்தில் ஒரு ரிப்பன் ஆடியது. நீலம்.

கடையில் நீல ரிப்பனை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. இப்போது ஆரஞ்சுதான். இதுவோ வெயில் படாத புதுசு. தொட்டுப் பார்த்தேன். முடிச்சு எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ‘ஓடியும் போனாய், இன்னும் என் உயிரை வாங்குகிறாயா?’ இழுத்துப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்தேன். கருவி காட்டிய வழியில் நேராக விட்டேன்.

4:09. பின்னால் ஒரு சத்தம்.

சரக்... சரக்... சரக்...

மட்கார்டு டயரில் உரசுகிற சத்தம். மெக்கானிக்குச் சத்தம்தான் முகம். எந்த வண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த மட்கார்டை என் கையால் செம்புக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

ஒன்பதாம் நம்பர்.

“யார்றா அது?”



நின்றேன். சத்தமும் நின்றது. மிதித்தேன். அதுவும் வந்தது.

சரக்... சரக்...

4:12. என் மோட்டார் நின்றது. 58 சதவீதம் காட்டிய டிஸ்பிளே பட்டென்று கறுத்தது. சரிவில் வண்டி தானாக உருண்டது.

அப்போது பின்னாலிருந்து விளக்கு அடித்தது.

என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்தது. சக்கரத்தின் நிழல்... என் காலின் நிழல்... இடுப்பு வரை.

அதற்கு மேல் நிழல் இல்லை.

நிழல் விழத் தரை இல்லை.

இரண்டு பிரேக்கையும் பிடித்தேன்.

முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம். பாதை அங்கே இடிந்து போயிருந்தது. உருண்ட கல் கீழே விழுந்த சத்தம்... வரவே இல்லை.

4:13. போன் அடித்தது. முதலாளி. குரல் நடுங்கியது.

“டேய்... உன்கூட யாருடா?”

“யாரும் இல்லையே.”

“பின்ன ஒன்பது எப்படி நகருது?”



“ட்ராக்கரைப் பிடுங்கிட்டான்னீங்களே, முதலாளி?”

போனை வைத்துவிட்டார்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி, தலை குனிந்தபடி வந்த வழியே தள்ளினேன். விளக்கு விலகி எனக்கு வழி விட்டது. நான் கடந்ததும் பின்னாலேயே வந்தது.

பிரிகிற இடம். அந்த மரம்.

நீல ரிப்பன். அதே இடம். அதே முடிச்சு.

சட்டைப் பையில் கை விட்டேன்.

பிய்த்ததும் அங்கேயே இருந்தது.

ரிப்பன் காட்டிய பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக நீலம் ஆடியது. பத்து எண்ணினேன். கூட்டம் ராத்திரி தங்கும் கொட்டகை வரை என் நிழலை விளக்கு முன்னால் தள்ளிக்கொண்டே வந்தது.

சரக்... சரக்...

5:20. கொட்டகைக் கதவைத் தொட்டேன்.

விளக்கு அணைந்தது.

அங்கிருந்தே போலீசைக் கூப்பிட்டேன். அந்த ஆறு பேர் கிளம்பவில்லை. அந்தப் பிள்ளை இன்றைக்கும் எங்கேயோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

மறுநாள் கயிறு கட்டி இறங்கினார்கள். பள்ளத்தின் அடியில் புதருக்குள் ஒன்பது கிடந்தது. பக்கத்தில் நெட்டை. அவன் பையில் நீல ரிப்பன் சுருள் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கவே இல்லை. முதல் முடிச்சுக்கு முன்பே விழுந்திருக்கிறான்.

ஸ்டேஷனில் முதலாளி, “அவன் கவனமில்லாம ஓட்டுனதுக்கு நானா பொறுப்பு? தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தானே போனான்?” என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. அதற்காக நான் இன்னும் வருத்தப்படவில்லை.

முதலாளியின் கம்ப்யூட்டரில் இருந்த ட்ராக்கர் பதிவைக் காகிதத்தில் எடுத்து என் முன்னால் வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். இந்தத் தடவை படிக்காமல் போடமாட்டேன் என்றேன். நெட்டையின் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சத்தமாப் படிங்கண்ணே.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘ஒன்பது. விளக்கு எரிந்தது. ஒன்பது. விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது.’ மூன்று ராத்திரி. எழுபத்தொரு தடவை. கால் ஒடிந்து கிடந்தவன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக் கூப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே வார்த்தை: ‘பார்க்கப்பட்டது.’

பார்த்திருக்கிறான் அந்தப் பாவி முதலாளி. எழுபத்தொரு தடவையும் பார்த்திருக்கிறான்.

அவள் அழவில்லை. “அவ்வளவுதானாண்ணே?” என்றாள்.

இன்னும் ஒரு வரி இருந்தது. எட்டு மாத இடைவெளி விட்டு, கடைசியில்.

‘ஒன்பது. விளக்கு எரிந்தது 4:12. அணைந்தது 5:20.’

“அப்ப பேட்டரி எவ்வளவு இருந்துச்சுன்னு போட்டிருக்கா?”

போட்டிருந்தது. தப்பாகப் படிக்கிறேனோ என்று விரலை வைத்து இரண்டு தடவை பார்த்தேன். போலீஸ்காரரிடமும் காட்டிக் கேட்டேன். அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பூஜ்ஜியம்.