பச்சை டப்பா, சிவப்பு டப்பா

பச்சை டப்பாத் தோட்டாதான் அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரும் என்று ஒரு வாரம் நம்பினேன். அடுத்த வாரம் சிவப்பு டப்பாதான் சரி என்று தோன்றியது. அதற்கும் அடுத்த வாரம், இரண்டும் மோசமில்லை, மோசம் நான்தான் என்ற முடிவுக்கு வந்து, உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து திருப்புலிவனம் வரும்வரை அழுதேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளிர் டிக்கெட்டைக் கையில் திணித்துப் பின்னால் போய்விட்டார்.

நான் குறிபார்த்துச் சுடுகிறவள். கல்லூரியில் என்.சி.சி.யில் பழகியது. படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுட வேண்டும். நடுவில் பத்து மதிப்பெண் வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். கல்யாணத்துக்குப் பிறகும் பாலாற்றுப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து விடாமல் சுட்டேன். மகள் பிறந்ததும் நின்றுபோனது. அவளுக்கு ஒன்றேகால் வயதானபோது திரும்பப் போக ஆரம்பித்தேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கிளப்பில் என் கை நீளத்துக்குப் பொருந்தும் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். கோச் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை டீமுக்கு வரலைன்னா ரைஃபிளை வேற பொண்ணுக்குக் குடுத்துடணும்மா. ரெண்டு பேர் காத்துக்கினு கீறாங்க."

வீட்டில் மாமியாரும் ஒரு கெடு வைத்திருந்தார்கள். "செலக்‌ஷன் முடியிற வரைக்கும் புள்ளையப் பாத்துக்கறேன். அதுக்கப்புறம் என் முட்டி தாங்காது." ஆக, அந்த ஒரு போட்டியில் தவறினால் துப்பாக்கியும் போய்விடும், வீட்டைவிட்டுக் கிளம்பக் காரணமும் போய்விடும்.

தொழிற்சாலையில் செய்து வரும் தோட்டா எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கிக் குழாய்க்கும் ஒவ்வொன்று பிடிக்கும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனாலும் ஒரு தடவை செய்த லாட் ஒரே துளையில் போகும், அடுத்த தடவை செய்த லாட் சிதறும். அதனால் வசதியான கிளப்புகளில் பல லாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து, ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்ப்பார்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதையே மொத்தமாக வாங்கி வைப்பார்கள். எங்கள் கிளப்பில் வந்ததுதான் சரக்கு. பச்சை டப்பா போட்டிக்கு, சிவப்பு டப்பா பழகுவதற்கு. இரண்டும் ஒரே கம்பெனி, தோட்டாவின் அடியில் ஒரே முத்திரை. பச்சை கொஞ்சம் வேகம் என்பதால் கொஞ்சம் மேலே விழும். குழந்தை பிறப்பதற்கு முன்னால் பச்சையில் ஐந்து சுட்டால் ஒரே ஓட்டையாகக் கிழியும்.

திரும்பப் போன முதல் நாள் அதே பச்சை டப்பாவில் ஐந்து சுட்டேன். மூன்று மேலே ஒட்டிக்கொண்டு விழுந்தன. இரண்டு கீழே ஒட்டிக்கொண்டு விழுந்தன.

"மூச்சை விட்டுட்டே," என்றார் கோச்.

அடுத்த ஐந்தில் நான்கு மேலே, ஒன்று கீழே. "மூச்சை ரொம்ப நேரம் புடிக்கிறே."

அதற்கடுத்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "ராத்திரி புள்ள எழுப்புதா?"

"ஆமா சார்."

"அதான்."

அந்த "அதான்" எனக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. "பச்ச ஒடம்பு, தூக்கம் இல்ல. அதான்," என்றார்கள் மாமியார். "நம்ம கையே நம்ம பேச்சு கேக்கலன்னா குண்டு இன்னா பண்ணும், பாவம்." ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் தட்டைப் பார்த்தபடியே சிரித்தார். "நாளைக்கு சாம்பார்ல உப்பு இல்லன்னாலும் டப்பா மாறிப்போச்சுன்னுதான் சொல்லுவா, பாரும்மா."

சிவப்பு டப்பாவுக்கு மாறினேன். அதிலும் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டேன். அப்படியும் அதேதான். மணல் மூட்டைக்கு மூச்சே கிடையாதே சார் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கோச்சே படுத்து அதே டப்பாவில் ஐந்து சுட்டுக் காட்டினார். ஐந்தும் ஒரே ஓட்டை. "பாத்தியா?" என்றார். நான் கை வேறு தட்டினேன்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. காபியை விட்டேன். மதியம் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, ஏன் தூக்கம் வரவில்லை என்று கவலைப்பட்டேன். ராத்திரிப் பாலை நிறுத்தினால் அவளும் தூங்குவாள், நானும் தூங்கலாம் என்று நிறுத்திப் பார்த்தேன். என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதாள். அவளை முதுகில் தட்டிக்கொண்டே, நான் என்ன மாதிரித் தாய், சுடப்போவதற்காக இவள் வாயிலிருந்து பிடுங்குகிறேனே என்று நினைத்தேன். விடிவதற்குள் கொடுத்துவிட்டேன். காலையில் அதுவும் தப்போ என்று பட்டது.

தோட்டாவின் முனை ஈயம். குழந்தை உள்ள வீட்டுக்கு ஈயக் கையோடு போகக்கூடாது என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பயம் உண்டு. கிளப் குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவேன். அதுவும் போதவில்லை என்று, மகளின் பழைய பருத்தித் துணி ஒன்றைக் கிழித்து எடுத்துப் போய், ஒவ்வொரு தோட்டாவைப் போட்ட பிறகும் விரலைத் துடைக்க ஆரம்பித்தேன். கோச் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஆப்பரேஷனா பண்ணப் போறே?" என்றார்.

அந்தத் துணியில்தான் கண்ணில் பட்டது. சில தோட்டாவுக்குப் பிறகு விரல் துடைத்தால் துணி அப்படியே இருந்தது. சிலவற்றுக்குப் பிறகு பிசுக்கு ஒட்டியது. பச்சை டப்பாத் தோட்டாவின் பூச்சு மெல்லியது, காய்ந்தாற்போல் இருக்கும். சிவப்பில்தான் மெழுகு தடிமனாக, கொழகொழவென்று இருக்கும். நான் எடுத்துக்கொண்டிருந்ததோ பச்சை டப்பாவிலிருந்து.

அடுத்ததை எடுத்து விரலில் உருட்டினேன். பிசுக்கு. இது கீழே போகும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சுட்டேன். கீழே போனது. அடுத்தது காய்ந்திருந்தது. மேலே. மறுபடி பிசுக்கு. கீழே. சுடுவதற்கு முன்பே எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்தது. துணியைப் பிரித்துப் பார்த்தேன். பிசுக்கோடு மஞ்சளாகவும் ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். சந்தனம்.

போனை எடுத்து கிளப் வாட்ஸ்அப் குழுவில், நான் திரும்பப் போவதற்குச் சில நாள் முன்பு நடந்த ஆயுத பூஜையின் படத்தைத் தேடினேன். அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. பொட்டு வைத்த துப்பாக்கிகள், சாமந்தி, பொரி. நடுவில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் நெல் குவித்தாற்போலத் தோட்டாக்கள், மேலே தெளித்த சந்தனம். பூஜை முடிந்து கையில் வந்ததை வந்த டப்பாவில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கோச் அன்று சுட்டுக் காட்டிய ஐந்தும் தற்செயலாக ஒரே வகையாக அமைந்திருக்க வேண்டும். படத்துக்குக் கீழே முதல் கும்பிடு நான் போட்டதுதான்.

இதை எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்தேன். என் பிறந்த வீடும் புகுந்த வீடும் சர்ச்சுக்குப் போகிற குடும்பங்கள். பூஜையில்தான் தப்பு நடந்தது என்று நான் வாயைத் திறந்தால் அது வேறு மாதிரிக் கேட்கும். செய்தி அடித்தேன், அழித்தேன். கடைசியில் நேரில் போய்த் துணியைக் காட்டினேன்.

கோச் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தட்டுல கொட்டுனா அழகா இருக்கும்னு செக்ரட்டரி சொன்னாரு. எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதானேம்மா?"

செயலாளர் அரிசி மில் வைத்திருப்பவர். பக்கத்திலேயே நின்றிருந்தார். "சாமிக்கு வெச்ச தோட்டாம்மா அது. அதுல போயி இன்னா கொறை கீது? நீங்க கோயிலுக்கு வர்றவங்க இல்ல, அதான் அப்படித் தோணுது."

இன்னும் ஓர் "அதான்". நான் துணியை மடித்துப் பையில் வைத்தேன். உங்கள் மில்லில் பொன்னியையும் குண்டு நெல்லையும் ஒரே மூட்டையில் கொட்டுவீர்களா சார் என்று கேட்டிருக்க வேண்டும். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது தோன்றியது. திரும்ப இறங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

போட்டிக்கு முன் புதுச் சரக்கு வராது என்றார்கள். "பிரிச்சுக்கோ" என்று மட்டும் கோச் சொன்னார். அலமாரி அறையில் அவர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துணியில் உருட்டிப் பார்த்துப் பிரித்தேன். காய்ந்தது ஒரு பக்கம், பிசுக்கு ஒரு பக்கம். கொஞ்ச நேரத்தில் என் விரலே பிசுபிசுத்துப்போய் எதைத் தொட்டாலும் பிசுக்காகத் தெரியும். போய்க் கழுவிவிட்டு வருவேன். தட்டில் உரசியதில் காய்ந்ததிலும் மெழுகு ஒட்டியிருந்தது. அப்படிச் சந்தேகமானவற்றை மூன்றாவதாக ஒதுக்கினேன். காய்ந்த குவியல் போட்டிக்கு மட்டும் போதும்போல் இருந்தது. போட்டிக்கு முன் கணக்கில் சேராமல் சுட்டுப் பார்த்து, குறிபார்க்கும் சைட்டைத் திருத்திக்கொள்ளும் தோட்டாக்களுக்கு, சந்தேகக் குவியல்தான்.

போட்டியன்று படுத்து, சந்தேகக் குவியலில் முதலாவதைச் சுட்டேன். பத்து. இரண்டாவது கீழே. மூன்றாவதும் கீழே.

இரண்டு அடுத்தடுத்துக் கீழே விழுந்தால் சைட் குமிழைத் திருகி மேலே ஏற்ற வேண்டும். அப்படித்தான் எல்லோரும் கற்றுக்கொடுக்கிறார்கள். பின்னால் நிற்கும் கோச் பேசக்கூடாது, அதனால் இருமினார். என் கை குமிழுக்குப் போய்விட்டது. அவை பிசுக்குத் தோட்டாவாக இருந்து நான் ஏற்றிவிட்டால், போட்டியில் ஒவ்வொன்றும் மேலே ஓடும். இல்லை, கீழே இழுத்தது நானாகவே இருந்து ஏற்றாமல் விட்டால்? நேற்றும் அவள் இரண்டு தடவை எழுந்தாள். கண்ணில் வியர்வை இறங்கியது. கோச் மறுபடி இருமினார்.

கையை எடுத்துவிட்டேன். சந்தேகக் குவியலைத் தள்ளி வைத்துவிட்டுக் காய்ந்த தோட்டாவைப் போட்டுப் போட்டியைத் தொடங்கினேன்.

முதல் குண்டு பத்தின் ஓரத்தைத் தொட்டது. இரண்டாவது உள்ளே. அதற்குப் பிறகு கீழே ஒரு கூட்டம் சேரவே இல்லை. நடுவில் ஓர் எட்டு விழுந்தது. அது பக்கவாட்டில் போனது, விசையை நான் வெடுக்கென்று இழுத்தது. அதைத் தோட்டாவின் தலையில் கட்ட முடியாது. ஒன்பதுகளும் சில. அணிப் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. ஆனால் பட்டியலில் இருந்தது.

செயலாளர் கையில் லட்டோடு வந்தார். "பாத்தீங்களா, சாமி குண்டு கைவிடல!"

"சார், அடுத்த பூஜைக்கு டப்பாவைத் தெறக்காம வெளியிலேயே பொட்டு வெக்கலாமா?" என்று கேட்டேன். எனக்கே குரல் கேட்கவில்லை.

"பாக்கலாம், பாக்கலாம்," என்று அடுத்தவரிடம் போனார்.

கோச் துப்பாக்கியை வாங்கி உறையில் போட்டார். "ஸ்டேட்டுக்கு எந்தத் தோட்டா வருதோ," என்றார். அந்தக் கவலை அப்போதே எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முட்டி வலியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மகளை என் மடியில் போட்டுவிட்டு, வந்திருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னார்கள். "ரெண்டு வாரமா புள்ள கொஞ்சம் தூங்குது. அதான்."

நேற்று இரண்டு தடவை எழுந்தாள் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் என் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டாள். வெடுக்கென்று உருவினேன். கிளப்பில் கழுவினேனா? கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். அவள் அழ ஆரம்பிக்க, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மறுபடியும் குழாயடிக்குப் போனேன்.