நாலாவது ஆளாக வந்த கல்

கஜனி, திலக்சன், உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். சின்னவள் மிதுனாவுக்கு இன்னும் வாசிக்க வராது, வந்த பிறகு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, சகுனம் என்று எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மேசன் வேலைக்குப் போன இடங்களில், ஆள் இல்லாத பாழ்வீட்டுக்குள் சீமெந்துப் பையை விரித்துத் தனியே நித்திரை கொண்டவன் நான். பூனை குறுக்கே போனால் அதற்கும் ஏதோ வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு என் பாட்டில் போகிற ஆள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கஜனி விஞ்ஞானம் படிக்கிறவள், எந்த இடத்தில் வாயைச் சுழிப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

முன்பு ஒரு தரம் உங்களை மண்டூரில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் கொழும்புப் பக்கம் ஒரு பார்க்குக்குப் போனோமே, அந்தக் கதைதான். 'எங்களை விட்டுட்டுப் போய் விளையாடிட்டு வந்தீங்க' என்று திலக்சன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான். ஏன் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம் என்று உங்களுக்குத் தெரியாது, அதை முதலில் சொல்ல வேண்டும்.

திலக்சனுக்குப் பிறகு அம்மாவின் வயிற்றில் இன்னொன்று இருந்தது. அது தங்கவில்லை. உங்களுக்கு அப்போது விவரம் தெரியாத வயது, அம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறா என்றுதான் சொல்லிவைத்தோம். இனியொன்று தங்குவது கஷ்டம் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா எல்லா வேலையும் செய்தார், சமைத்தார், தோய்த்தார், உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தினார், ஆனால் சிரிப்பு மட்டும் வரவில்லை. காலையில் ரேடியோ போடுவதையும் விட்டுவிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது பிள்ளைகளே. சுவர் வெடித்தால் பூசத் தெரியும், இதற்கு என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் பழக்கித் தரவில்லை.

ஒருநாள் பின்னேரம் அம்மா கிணற்றடியில் செல்வன் மீனை வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கல்லில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதில் அந்தப் பார்க்கின் வீடியோ ஒன்று வந்தது. பெரிய கம்பம், அதில் கைகள் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கைகள், ஆட்கள் ஏறினதும் மேலே தூக்கிச் சுழற்றுகிறது. ஆட்கள் குழறுகிற சத்தத்துக்கு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இஞ்சாருங்க, என்னகா இது இப்பிடிக் கிறுகுது!" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நம்பினால் நம்புங்கள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது, கையில் மீன் செதிலோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"போவமா?" என்று கேட்டேன்.

"ஆரு?"

"நீயும் நானும்தான்."

"உங்களுக்குக் கூரையில ஏறினாலே கால் நடுங்கும். நீங்க கிறுகப் போறீங்களாக்கும்!"

"நீ கிறுகு, நான் உன்ர செருப்பப் பார்த்துக்கொண்டு கீழ நிக்கிறன்."

"அப்பிடியெண்டா நான் வரமாட்டன். ரெண்டு பேரும் கிறுகணும்" என்றார் அம்மா. அந்தச் சொல்லோடு எல்லாம் முடிவாகிவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுத்தான். ரயிலில் போவதா பஸ்ஸில் போவதா, ஓர் இரவு தங்க எந்த இடம் நல்லது, பிட்டுக் கட்டிக்கொண்டு போனால் உள்ளே விடுவார்களா. தண்ணீருக்குள் இறங்க வேறு உடுப்பு வேண்டுமாம் என்று நான் சொன்னபோது, "வீட்டுல உடுத்துற சோட்டியோடதான் நான் இறங்குவன், வேணுமெண்டா அவங்க கண்ண மூடட்டும்" என்றார். பெரியம்மாவிடம் உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போன் எடுத்தால், அவர் போனுக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரிக்கிறார். "என்ன மச்சான், கலியாணம் முடிச்சு ரெண்டு புள்ள பெத்த மறுகாதான் தேன்நிலவு ஞாபகம் வந்ததோ? போங்க போங்க, புள்ளைகள் இஞ்ச இருக்கட்டும்." அம்மா என் கையிலிருந்து போனைப் பறித்து, "அக்கா, சும்மா இரு" என்று வெட்கப்பட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

புறப்படுகிற நாள் விடிந்து நன்றாக வெளித்துவிட்டது. உங்களை முதல் நாளே மண்டூரில் விட்டாயிற்று. ஸ்டேஷனுக்கு என் மோட்டார் சைக்கிளில் நானும் அம்மாவும் மட்டும். வலையிறவுப் பாலத்தடியில் மாடுகள் றோட்டை மறித்து நின்றன, நானும் நிறுத்தினேன். பாலத்தடியில் இறால் விற்கிறவர்கள் இருப்பார்கள் அல்லவா, அந்த இடத்தில் ஒரு பெண், அம்மாவின் வயதுதான் இருக்கும், கூடைக்கு முன்னால் குந்தியிருந்தவள் எழுந்து நேரே எங்களிடம் வந்தாள். றோட்டு ஓரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"மூணு பேராப் போகப்படாதுகா புள்ள. இந்தா, இந்தக் கல்லையும் கூட்டிட்டுப் போ."

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படக்கூடாது, போகத்தான் வேண்டும் என்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் ஆட்கள் சொல்வது உங்களுக்கும் தெரியும். அது பெரிய விஷயமில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேர்.

"நாங்க ரெண்டு பேர்தானே" என்றார் அம்மா.

அவள் சிரித்தாள். "எனக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கூடைக்கு முன்னால் குந்திவிட்டாள். மாடுகளும் விலகின.

கஜனி வாயைச் சுழிக்கிற முதல் இடம் இது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் பயணப் பை இருந்தது, அதன் மேல் அம்மாவின் சால்வை சுற்றியிருந்தது, தூரத்தில் பார்த்தால் பிள்ளை மாதிரி இருந்திருக்கும். ஓம் மகள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ரயிலில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் போனோம். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, "தம்பி, யன்னலால தலைய நீட்டாத" என்று அம்மா பகிடி விட்டார். கல்லை எறியச் சொன்னேன். "கூட்டிட்டுப் போ எண்டு சொன்னவ. கொண்டு போ எண்டு சொல்லயில்ல. பாவம், வரட்டும்" என்றார்.

மறுநாள் பார்க்கில் நுழைந்ததும் பையை வாசலில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா எங்கேயும் நிற்கவில்லை, தண்ணீர்ப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அந்தக் கிறுகிறதுக்குப் போனார். வாசலில் ஒரு கம்பம் நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள், என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தக் கோட்டுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இடமில்லை. நல்ல வெயில், உச்சி நேரம். எங்களுக்குப் பின்னால் ஒரு புதுச் சோடி நின்றது.

ஒரு நீள இருக்கையில் நாலு பேர் இருக்கலாம். நானும் அம்மாவும் ஏறி ஒரு கரையாக இருந்தோம். நான் அப்போதே கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அங்கே வேலை செய்கிற தம்பி ஒருவன், சிங்களப் பெடியன், எங்களைப் பார்த்துவிட்டு, "துன் தெனாய்" என்று தன் கூட்டாளிக்குக் குரல் கொடுத்தான். நான் கொழும்பில் வேலை செய்தவன், சிங்களம் விளங்கும். மூன்று பேர் என்கிறான். சொல்லிவிட்டுப் பின்னால் நின்ற சோடியில் மாப்பிள்ளையை மட்டும் ஏறச் சொன்னான், பெண்ணை மறித்துவிட்டான்.

"நாங்கள் இரண்டு பேர்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவன் அப்போதுதான் கிட்ட வந்து, அம்மாவின் பக்கம் கையைக் காட்டி, "பிள்ளையை இறக்குங்கள் அண்ணன், அந்தக் கோட்டுக்கு எட்டாது, இதில் ஏற்ற முடியாது" என்றான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

எந்தப் பிள்ளை என்று நான் கேட்டேன். அவன் குனிந்து பார்த்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தான். பிறகு முகம் ஒரு மாதிரியாகி, வெயில் என்று மட்டும் சொன்னான்.

பை பெட்டிக்குள் இருந்தது கஜனி. இந்த இடத்தில் என்ன சொல்வாய் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். அம்மா மூடியிருந்த கையைத் திறந்தார். அந்தக் கல் உள்ளங்கையில் இருந்தது, பையோடு பூட்ட விடாமல் அதைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"இறங்குவம்" என்றார்.

"கிறுகத்தானே இவ்வளவு தூரம் வந்தம்?"

"மறுகா ஒருநாள் கிறுகுவம். இப்ப இறங்குங்க."

இறங்கிவிட்டோம். நிழலில் கிடந்த ஒரு வாங்கில் உட்கார்ந்து, ஒரு ஐஸ்கிரீமை இரண்டு பேரும் பகிர்ந்து தின்றபடி, அது கிறுகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அம்மா துக்கப்படவில்லை. அன்று முழுக்க என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தார். மற்றதெல்லாம் ஏறினோமா என்று கேட்காதீர்கள், ஒன்றிலும் ஏறவில்லை. அப்படி ஒரு சந்தோஷமான பயணம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தலைச்சுற்று. கிளினிக்குக்குப் போனால், பிள்ளை உண்டாகியிருக்கிறது என்றார்கள். பயணம் போகும்போதே உண்டாகியிருக்க வேண்டும், முன்பு ஒன்று போனபடியால் குலுங்காமல் அசையாமல் இருக்க வேண்டும் என்று வைத்தியர் படுக்கவைத்துவிட்டார். அந்தப் பிள்ளைதான் உங்கள் மிதுனா. அன்றைக்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம்.

நன்றி சொல்லலாம் என்று பாலத்தடிக்குப் போனேன். அப்படி ஒரு பெண் அங்கே விற்பதில்லை என்றார்கள். அடையாளம் சொல்லிச் சொல்லிக் கேட்டதில், இறால் விற்கிற ஒருத்தி, "என்ன அண்ணன், வேற பொம்பிளையத் தேடித் திரியிறீங்க, வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்க எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதோடு தேடுவதை விட்டுவிட்டேன். கல்லை அம்மா சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தார். இந்தக் கதையை நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லவில்லை, பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அம்மாவுக்குக் கடன் வைத்த அந்தக் கிறுகல் இன்னும் பாக்கி. வருகிற சனிக்கிழமை திரும்பவும் அங்கே போகிறோம், இந்த முறையும் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மிதுனா பிறந்ததோடு இனி அம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பயம் இல்லாமல் ஏறலாம் என்று பகிடி பேசிக்கொண்டு நேற்றுக் காலையில் பை அடுக்கினோம். நீங்கள் இரண்டு பேரும் ரியூஷனுக்குப் போயிருந்தீர்கள்.

மிதுனா கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். பிள்ளையாருக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் கல்லை எடுத்தாள். அங்கே கல் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதற்குள் வந்து அம்மாவின் கையில் அதை வைத்து, தன் சின்ன விரல்களால் அம்மாவின் விரல்களை மூடிவிட்டாள்.

"கல்லையும் கூட்டிட்டுப் போகா புள்ள."

பெற்ற தாயைப் புள்ள என்கிறாள். நான் சிரிக்கப் போனேன், சிரிப்பு வரவில்லை.

அம்மா மெல்ல, "அப்பாவும் நானும் ரெண்டு பேர்தானே மகள்" என்றார்.

"எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றாள். பிறகு பொம்மையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டால், எந்தக் கல் என்கிறாள்.

அம்மா கல்லைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தார். பயணத்தை நிறுத்துவோமா என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பிறகு கல்லைத் தன்னுடைய உடுப்புக்கு நடுவில் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினார்.

"இஞ்சாருங்க" என்றார். "மிதுனாவுக்கு மூத்தது. அது இருந்திருந்தா, இப்ப அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வளர்ந்திருக்கும் என்ன?"

எண்ணிப் பார்த்தேன். வளர்ந்திருக்கும் பிள்ளைகளே.