தவமணி அக்கா எண்ணத் தொடங்கிய நாள்

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தின் நான்காம் மாடியில், யாரும் கவனிக்காத ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியை மிரியம் இரண்டு வரி எழுதியிருந்தார். தவமணி இன்று காலை டெக்சஸில், மகள் வீட்டில், உறக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரரா என்று கேட்டார். இல்லை என்றேன். நண்பரா என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த மீட்டிங்குக்கும் போனேன். இருபத்தாறு வருட வேலையில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் டாக்டர் தவமணி. சிறுநீரக மருத்துவர். எங்கள் ஐசலின் ஊரைச் சுற்றியிருக்கும் எத்தனையோ வீடுகளில் பெரியவர்களுக்கு டயாலிசிஸ் என்றால் என்னவென்று தமிழிலேயே விளக்கிச் சொன்னவர். பருத்தித்துறையில் பிறந்தவர். கணவரைச் சீக்கிரமே இழந்தவர். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடத்துக்கு மேல், ஞாயிறு காலைகளில், ஒரு யூத ஆலயத்தின் கீழ்த்தளத்தில் என் எதிரே உட்கார்ந்து வாதாடிய தவமணி அக்காவை உங்களில் அநேகருக்குத் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, அவர் மதம் மாறிவிட்டார் என்று கதை கட்டியவர்களும் உண்டு. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்த வகுப்புக்குப் போனது ஒரு சங்கடத்தால். பதினோரு வருடம் என் மேலாளராக இருந்த யூதர் ஒருவர் இறந்துபோனார். அவர் வீட்டுக்குப் பெரிய பூங்கொத்தோடு போய் மணியை அழுத்தினேன். அழுத கண்களோடு அவர் மனைவியே எழுந்து வந்து கதவைத் திறந்தார். துக்க வீட்டில் இருப்பவர்கள் எழுந்து வரவேற்கக் கூடாது என்பதற்காகத்தான் கதவைத் தாழிடாமல் விடுகிறார்கள், பூக்கள் கொண்டு போகும் வழக்கமும் இல்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அதே வருடம் எனக்கு வேலையும் போனது. "வீட்டுலயே உக்காந்து லேப்டாப்ப பாத்துட்டு இருக்காதீங்க, எங்கயாவது போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. எங்கள் ஊர் நூலகத்தின் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யூதப் பண்பாடும் பழைய உரைகளும், பெரியவர்களுக்கான வகுப்பு, எல்லோரும் வரலாம், எபிரேயம் தெரிய வேண்டியதில்லை.

முதல் நாள் வாசலில் ஒரு காவலர் நின்றிருந்தார். இப்போதெல்லாம் அந்த ஆலயங்களில் காவல் இல்லாமல் முடியாது. எனக்கு முன்னால் நரைத்த கொண்டையும் பருத்திச் சேலையும் ஸ்வெட்டருமாக ஒருவர். காவலர் வாயைத் திறப்பதற்குள் தன் கைப்பையைத் திறந்து, ஒவ்வொரு அறையையும் விரித்துக் காட்டினார். காவலருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. "இட்ஸ் ஓகே, மேம்" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, என் முகத்தில் எதைக் கண்டாரோ, தமிழிலேயே சொன்னார்: "செக்பொயின்ற் எனக்குப் பழக்கம் தம்பி. கேட்கும் முன்னம் திறந்திட்டால் கெதியா விட்டிடுவாங்கள்."

நான் ஆன்ட்டி என்று ஆரம்பித்தேன். "அன்ரி எண்டு கூப்பிடுற ஆக்கள் எல்லாம் என்னட்டை பிரஷருக்கு மருந்து, குளுசை கேட்பினம். அக்கா எண்டு கூப்பிடும்" என்றார். அன்றிலிருந்து அக்காதான்.

அந்த வகுப்பில் விரிவுரை குறைவு. மிரியம் ஓய்வு பெற்ற பள்ளி நூலகர். இருவர் இருவராக உட்காரவைத்து, ஆளுக்கொரு தாள் கொடுப்பார். ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் கேள்வி கேட்க வேண்டும், இருவரும் சண்டை போட வேண்டும். அவர்கள் மரபில் படிப்பதென்றாலே அப்படித்தானாம். எங்கள் இருவரையும் ஒரே மேசையில் போட்டார். "நீர் வாசியும், நான் மறுக்கிறன்" என்றார் அக்கா. தாள் ஆங்கிலத்தில், சண்டை தமிழில். அவருக்குப் பருத்தித்துறைத் தமிழ், எனக்கு மாம்பலத் தமிழ். பக்கத்து மேசையில் ஹாரி என்ற முன்னாள் பிளம்பர் இருந்தார். எண்பதை நெருங்கியவர். ஒரு நாள் அவர் தன் தாளைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை புரியலை. ஆனா அந்த அம்மாதான் ஜெயிக்கிறாங்க" என்று மிரியத்திடம் சொன்னார். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "ஓம், சரியாத்தான் சொல்லுறார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

அக்கா கிறிஸ்தவர்; ஞாயிறு காலை தமிழ்ச் சபையில் ஆராதனை நடக்கும் நேரம். அவர் அங்கே போகாமல் இங்கே ஏன் வந்தார் என்பதை நான் ஒரு வருடம் கேட்கவில்லை. துக்க வழக்கங்களைப் படித்த வாரம் அவராகவே சொன்னார். துக்கம் விசாரிக்கப் போகிறவர் முதலில் பேசக் கூடாது, துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அன்றைய தாளில் இருந்தது. நான் வாசித்து முடித்தேன். அக்கா மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கு அப்ப ஒருத்தரும் வாயை மூடேல்லை தம்பி" என்றார்.

அவருடைய ஒரே தம்பி, போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். கடைசியாக ஒரு முகாம் வாசலில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். சபையிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் கர்த்தரின் சித்தம் என்றார்கள். உயிரோடு இருப்பார், ஜெபியுங்கள் என்றார்கள். எங்கோ வெளிநாட்டுக்குத் தப்பிப் போயிருப்பார் என்று கணக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் சபைக்குப் போகவில்லை. ஆனால் தேடுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு, ஏதாவது ஓர் அமைப்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் என் மேசைக்கு எதிரே இருந்து, நோயாளியின் ரிப்போர்ட்டை வாசிக்கிற குரலில் சொன்னார். நடுவில் பேசாமல் கேட்டதுதான் நான் செய்த ஒரே சரியான காரியம்.

அடுத்த ஞாயிறு மிரியம் ஒரு பழைய விவாதத்தைக் கொடுத்தார். கடலில் போனவன், போரில் போனவன் என்று உடல் கிடைக்காதவர்களைப் பற்றியது. அவர்களுக்காக எந்த நாளிலிருந்து துக்கம் எண்ணுவது? தேடுகிறவர்கள் இனிக் கிடைக்காது என்று நம்பிக்கையைக் கைவிடும் நாளிலிருந்து என்பது அதில் வந்த பதில். அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கி, தானே மறுபடி வாசித்தார்.

"அப்ப, எனக்கு இன்னும் துவங்கேல்லை" என்றார்.

"அக்கா, இது அவங்க ரூல். நமக்கு இல்லையே."

"தெரியும். ஆனால் இவ்வளவு காலத்திலை என்னட்டை ஒருத்தரும் கேட்கேல்லையே, நீர் எப்ப நிப்பாட்டப் போறீர் எண்டு. இந்தத் தாள்தான் கேட்குது."

மூன்று மாதம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மிரியத்தின் முன்னால் போய் நின்றார். நான் யூதர் இல்லை, யூதராகும் எண்ணமும் இல்லை, ஆனால் வருகிற ஞாயிறு மதியம் என் வீட்டில் தம்பிக்காகத் துக்கத்தில் உட்காரப் போகிறேன், இது தப்பா என்று கேட்டார். மிரியம் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். "எங்க சடங்க உங்களுக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா நாங்க உங்க வீட்டுக்கு வந்து வாயை மூடிட்டு உக்கார யாரோட பர்மிஷனும் வேண்டாம்" என்றார்.

அந்த ஞாயிறு வகுப்பு மொத்தமும் வந்தது. நானும் என் மனைவியும் போனோம். டெக்சஸிலிருந்து மகள் மதுரா வந்திருந்தாள். கதவு தாழிடப்படவில்லை. அக்கா தாழ்வான ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் சுவரில் தம்பியின் படம், இருபது வயதிருக்கும், மீசை சரியாக முளைக்காத முகம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தமிழ்ச் சபைப் போதகரும் வந்தார். பைபிளைத் திறக்கப் போனவர், சுற்றிலும் பார்த்துவிட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர் மீது எனக்கு மரியாதை வந்தது. நாற்பது நிமிடம் இருக்கும். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. ஹாரிக்கு முதுகு வலித்திருக்க வேண்டும், ஆனாலும் அசையவில்லை.

பிறகு அக்கா தமிழில் பேசினார். "அவன் நல்லாப் பொய் சொல்லுவான்."

மதுரா திடுக்கிட்டு, "அம்மா!" என்றாள்.

"ஓம், உண்மைதானே. பள்ளிக்கூடம் போகாமல் நிண்டுபோட்டு, ஹெட்மாஸ்டர் செத்திட்டார் எண்டு வந்து சொன்னவன். எங்கடை அம்மா அவரின்ரை வீட்டுக்கே அழுதுகொண்டு போயிட்டா. கதவைத் திறந்ததே ஹெட்மாஸ்டர்தான்."

மதுரா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஹாரி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "சிரிக்கலாம்" என்றார் அக்கா. பிறகு ஐந்து மணிவரை பேசினார். சிரித்தோம். முடிவில் அவர் அழுதார். அத்தனை வருடத்தில் மகள்கூட அதைப் பார்த்ததில்லையாம். மறுநாளிலிருந்து அவர் கடிதம் எழுதவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. "நிம்மதி எண்டு சொல்லமாட்டன். கைக்கு ஓய்வு" என்பார். சில மாதம் கழித்து, காலையில் வகுப்பு, மாலையில் தமிழ்ச் சபை ஆராதனை என்று போக ஆரம்பித்தார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று போதகர் அவர்களிடம் சொல்லி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மீதியை எழுதச் சங்கடமாக இருக்கிறது. எனக்கு மறுபடி வேலை கிடைத்தது. தூரம், டிராஃபிக், இந்தியா டீமோடு அதிகாலை அழைப்புகள். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு வாரம் விட்டேன், பிறகு இரண்டு, பிறகு கணக்கில்லை. அக்காவுக்கு இதயம் பலவீனமாகி, மகள் வீட்டுக்குக் குடிபோகும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் வகுப்புக்கு வாறேல்லை?"

"ரொம்ப டயர்டா இருக்கு அக்கா. வந்தா மட்டும் என்ன, தூங்கித்தான் வழிவேன். யாருக்குப் பிரயோஜனம்?"

"களைப்பெண்டால் களைப்போடை வந்து இரும். உம்மட்டை ஆர் கெட்டித்தனம் கேட்டது? வராமல் மட்டும் விடாதேயும்."

சரி அக்கா என்றேன். போகவில்லை. டெக்சஸிலிருந்து அவர் இரண்டு தடவை அழைத்தார். ஒன்றை எடுத்தேன். மற்றதை, டிரைவ் பண்ணிக்கொண்டிருந்ததால், அப்புறம் பேசலாம் என்று விட்டேன். அப்புறம் என்ற அந்த நேரம் எனக்கு வரவே இல்லை.

அடக்கத்துக்கு விமானம் ஏறவில்லை. திங்கள்கிழமை அலுவலகத்தில் மென்பொருள் ரிலீஸ் இருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அவரை அறிந்தவர்களிடம் பொய் சொல்ல மனமில்லை. மதுராவிடம் போனில் பேசினேன். அவள் ஆங்கிலத்தில், "அம்மா உங்களைத் தன் சண்டைக்காரர்னுதான் சொல்வாங்க" என்றாள்.

போன ஞாயிறு வகுப்புக்குப் போனேன். தூக்கம் கலையாத முகத்தோடுதான். மிரியம் எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். ஹாரியின் கூட்டாளியும் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டாராம், என்னை அவரோடு உட்காரவைத்தார். ஹாரிக்கு இப்போது காது மந்தம், எனக்குக் கண் சொருகியது. ஒரு மணி நேரத்தில் நாலு வரிகூடத் தாண்டவில்லை. மூன்றாவது வரியை அவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். வருகிற வாரம் போய் அதைச் சொல்ல வேண்டும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: அறிவோ ஆறுதலோ அல்ல, களைப்போடு காரை எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்காரும் பழக்கம். அவர் இருந்தபோது அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது வைத்துக்கொள்கிறேன்.